தோட்டாப் பெட்டியின் ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க

இரும்புத் தோட்டாப் பெட்டியின் மூடியில் ஈரக்காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் பட்டையை, அதாவது கேஸ்கெட்டை, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் தொட்டுச் சுற்றிலும் தடவிவிடுங்கள். லேசாகப் பளபளத்தால் போதும்.

மாதக்கணக்கில் மூடியே கிடக்கும் ரப்பர் இரும்பு விளிம்போடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பிய்ந்து வரும். கிரீஸ் அதைத் தடுப்பதோடு, ரப்பர் விளிம்பில் சீராகப் படியவும் உதவுகிறது. கையில் இருக்கிறதே என்று வாஸலினையோ எஞ்சின் ஆயிலையோ தயவுசெய்து தடவாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பல வகை ரப்பரை உப்பச் செய்து கெடுத்துவிடும்.

தடவும் முன்பே ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடிப் பூட்டி, நான்கு பக்கமும் இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் அங்கே ஈரக்காற்று புகும். வெடிப்பு விட்ட கேஸ்கெட்டுக்கும், நசுங்கித் தட்டையாகிவிட்டதற்கும் கிரீஸ் உதவாது, மாற்றத்தான் வேண்டும். கேஸ்கெட்டே சிலிக்கான் ரப்பராக இருந்தாலும் இந்த கிரீஸ் ஆகாது, அதையும் உப்பச் செய்துவிடும். மழை நாளில் மூடுவதானால் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள்; இறுக்கமான மூடி உள்ளே மாட்டிய ஈரத்தையும் வெளியே விடாது.