மழை விட்டுருச்சுன்னு நம்பி படுத்துராதீங்க: சென்னை வெள்ளத்துல நாம திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

2015 டிசம்பர் 1 ராத்திரி நாங்க அடையாறு ஆத்தை ஒட்டி இருக்கிற ஜாபர்கான்பேட்டைல ஒரு கிரவுண்ட் ஃப்ளோர் வாடகை வீட்டுல இருந்தோம். நாள் பூரா ஊத்துன மழை பத்து பத்தரைக்கு மேல தூறலா கொறஞ்சுச்சு, தெருவுல கணுக்கால் அளவு தண்ணி, சரி இதுக்கு மேல ஏறாது, காலைல வடிஞ்சுரும்னு சொல்லிட்டு பாயை விரிச்சு படுத்துட்டோம். ரெண்டு மணிக்கு முதுகு சில்லுன்னு இருக்கேன்னு முழிச்சா பாய் மிதக்குது. மழைய பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா தண்ணி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. அன்னைக்கு நான் பண்ண தப்பைத்தான் இன்னைக்கும் முக்கால்வாசி பேர் பண்றாங்க, அதான் இதை எழுதுறேன். மழை வேற, வெள்ளம் வேற. மழை விட்டதுக்கு அப்புறம்தான் நமக்கு நிறைய சேதம் ஆகுது, அதுலயும் பாதி நம்ம கையால நாமளே பண்ணிக்கிறது.

அன்னைக்கு ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து தொறந்து விட்டது வினாடிக்கு 29,000 கன அடி. இந்த நம்பர் டிவில ஓடும்போது யாருக்கும் ஒண்ணும் புரியாது. ஒரு கன அடின்னா கிட்டத்தட்ட 28 லிட்டர், அப்போ கணக்கு போட்டா 12,000 லிட்டர் தண்ணி லாரி 68, அதுவும் ஒவ்வொரு வினாடிக்கும். இதோட வழியில இருக்கிற மத்த ஏரிங்களோட உபரித் தண்ணியும் அடையாறுல சேர்ந்துச்சு. இதெல்லாம் ஏரியில இருந்து நம்ம தெருவுக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும், அந்த சில மணி நேரத்தைத்தான் நாங்க தூங்கி கழிச்சோம்.

இதுல இன்னொரு பெரிய குழப்பம் என்னன்னா, செம்பரம்பாக்கம்னு பேர் கேட்டாலே ஊரே பதறும், ஆனா அந்த தண்ணி எல்லார் வீட்டுக்கும் வராது. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் இருக்கறவங்க "ஏரி தொறந்துட்டாங்களாமே"ன்னு போன் மேல போன் போடுவாங்க. அவங்க ஏரியாவை முழுகடிக்கிறது கீழ்க்கட்டளை, நாராயணபுரம் மாதிரி பக்கத்துல இருக்கிற ஏரிங்க நிரம்பி வர்ற தண்ணி, அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல போய் நின்னு, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்கு போய், முட்டுக்காடு கிட்ட கடல்ல சேரணும். மழை நின்னு ரெண்டு நாள் ஆனாலும் அங்க வடியாதது இதனாலதான். முடிச்சூர், வரதராஜபுரம்காரங்க கதை வேற, அடையாறு ஆதனூர் பக்கத்துல இருந்து அவங்க வழியா வந்து அதுக்கப்புறம்தான் திருநீர்மலை கிட்ட செம்பரம்பாக்கம் உபரித் தண்ணி அதோட சேருது. அதனால "செம்பரம்பாக்கம் இன்னும் தொறக்கலயே"ன்னு முடிச்சூர்ல உக்காந்திருந்தா வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும். நிஜமா பயப்பட வேண்டியவங்க குன்றத்தூர், அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு ஆத்தை ஒட்டி இருக்கறவங்க. பூண்டி ஏரியில தொறந்தா தண்ணி கொசஸ்தலை ஆறு வழியா மணலி, எண்ணூர் பக்கம் போகும். உங்க வீட்டுக்கு எந்தப் பக்கத்துல இருந்து தண்ணி வரும், எது வழியா கடலுக்குப் போகும், இதை வெயில் காலத்துலயே ஒரு தடவை நடந்து பாத்து வச்சுக்கங்க.

அடுத்து புயலோட பேர். பேர் வச்ச புயல் வந்தா மெழுகுவத்தி, பால், பிரெட் எல்லாம் வாங்கி குவிப்போம், வெறும் காத்தழுத்தத் தாழ்வுன்னா கண்டுக்கவே மாட்டோம். 2015ல டிசம்பர் 1 அன்னைக்கு வந்தது பேர் வச்ச புயலே கிடையாது சார், தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டுச்சு. இதுக்கு நேர்மாறா 2023ல மிக்ஜாம், "அது ஆந்திராவுக்குத்தானே போகுது"ன்னு எங்க ஆபீஸ்லயே எல்லாரும் சொன்னாங்க, கரையைக் கடந்ததும் டிசம்பர் 5 அன்னைக்கு ஆந்திராவுல பாபட்லா பக்கம்தான், ஆனா அதுக்கு முன்னாடி நம்ம கரைக்குப் பக்கத்துலயே ஆமை மாதிரி நகந்து 3, 4 தேதில நம்மள பிரிச்சு மேஞ்சுட்டு போச்சு. புயல் எங்க கரையேறுதுங்கிறத விட எவ்வளவு மெதுவா நகருதுங்கிறதுதான் மழைக்கு முக்கியம். டிவில காட்டுற புயல் கூண்டு நம்பரும் அப்படித்தான், ஒண்ணுல இருந்து பதினொண்ணு வரைக்கும் ஏத்துவாங்க, அது துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் சொல்றது, உங்க தெருவுல எவ்வளவு தண்ணி நிக்கும்னு அது சொல்லாது. நீங்க பாக்க வேண்டியது மஞ்சள், ஆரஞ்சு, ரெட் அலர்ட். ரெட்னா 24 மணி நேரத்துல 20 செ.மீ.க்கு மேல பெய்ய வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட் விட்டும் சிட்டிக்குள்ள எதிர்பார்த்த மழை வரல, உடனே மீம் போட்டு கலாய்ச்சாங்க. கலாய்க்கலாம் தப்பில்ல, அடுத்த அலர்ட்டுக்கு கண்டுக்காம இருந்தாதான் தப்பு.

காத்துப் புயல்ல ஒரு தனி ஆபத்து இருக்கு. 2016 டிசம்பர் 12, வர்தா. மதியத்துக்கு மேல காத்து பேய் மாதிரி அடிச்சு திடீர்னு நின்னுச்சு, அப்படி ஒரு அமைதி. புயலோட கண் நம்ம தலைக்கு மேல இருக்குன்னு பாதி பேருக்குத் தெரியாது, வெளிய வந்து விழுந்த மரத்தோட போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, கொஞ்ச நேரத்துல காத்து எதிர்த் திசையில இருந்து அடிக்க ஆரம்பிச்சுச்சு. முதல் சுத்துல ஆடிப்போய் நின்ன மரமெல்லாம் ரெண்டாவது சுத்துலதான் சாயும். "புயல் முழுசா கடந்துருச்சு"ன்னு நுங்கம்பாக்கம் வானிலை மையம் சொல்ற வரைக்கும் வாசலை தாண்டாதீங்க.

சரி, இப்போ காருக்கு வரேன். இதுல நானே சூடு பட்டவன். மிக்ஜாம் அப்போ நாங்க மடிப்பாக்கம் வந்துட்டோம், காரு பேஸ்மென்ட்ல சீட் வரைக்கும் தண்ணில நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஓடுதான்னு பாப்போமேன்னு சாவிய போட்டு திருப்புனேன் பாருங்க, டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். தண்ணி ஏர் ஃபில்டர் வழியா சிலிண்டருக்குள்ள போயிருக்கும், பிஸ்டன் மேல வந்து அமுக்கும்போது காத்துன்னா அமுங்கும், தண்ணி அமுங்காது, அதனால கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து கேட்ட முதல் கேள்வியே "ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?" நனைஞ்ச சீட்டு, வயரிங்குக்கெல்லாம் காசு வந்துச்சு, எஞ்சினுக்கு கைய விரிச்சுட்டாங்க, ஏன்னா வெள்ளத்துல நின்னது ஒரு சேதம், நாமளா ஸ்டார்ட் பண்ணி உடைச்சது வேற சேதம்னு அவங்க கணக்கு. எஞ்சின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தா கதை வேற மாதிரி இருந்திருக்கும், வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா எதுவுமே கிடைக்காது. அதனால சாவிய தொடாதீங்க, தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு கோடு தெரியற மாதிரி போட்டோ எடுங்க, பேட்டரி நெகட்டிவ் ஒயரை கழட்டுங்க, கம்பெனிக்கு தகவல் சொல்லிட்டு டோ பண்ணி கொண்டு போங்க. வேளச்சேரி மேம்பாலத்துல மழைக்கு முன்னாடியே காரை கொண்டுபோய் நிறுத்துறவங்கள பாத்து நானும் சிரிச்சிருக்கேன், பில்லு வந்ததுக்கு அப்புறம் சிரிக்கல.

தண்ணில ஓட்டிட்டு போறவங்களுக்கும் ஒண்ணு. ஓடுற தண்ணி அரை அடி இருந்தாலே ஆளை தள்ளும், ஒரு அடில சின்ன காரு மிதக்க ஆரம்பிக்கும். முன்னாடி பஸ் போச்சேன்னு பின்னாடி போறது இருக்கே, பஸ்ஸோட டயர் உயரம் என்ன, உங்க காரோட உயரம் என்ன. சப்வேல இறங்கவே இறங்காதீங்க.

எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம், தெருவுல தண்ணி நின்னா யாராவது ஒரு அண்ணன் கடப்பாரையோட வந்து மேன்ஹோல் மூடிய தொறந்து விடுவாரு. நல்ல எண்ணத்துலதான் பண்றாரு. ஆனா மழைநீர் வடிகால் வேற, பாதாள சாக்கடை வேற. மழைத்தண்ணிய சாக்கடைக் குழாய்க்குள்ள விட்டா அது தாங்காம ரிவர்ஸ்ல வரும், எங்க வரும்னா கிரவுண்ட் ஃப்ளோர்காரங்க பாத்ரூம் வழியா வரும். எங்க தெருவுல வெள்ளத்தண்ணி வீட்டுக்குள்ள வராத ஒரு வீட்ல இப்படித்தான் சாக்கடை பொங்கி ஹால் வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல, தொறந்த மூடிய யாரும் திரும்ப மூட மாட்டாங்க, கலங்கல் தண்ணிக்கு அடியில குழி இருக்குன்னு நடந்து வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? மாநகராட்சி 1913க்கு போன் பண்ணுங்க, லைன் கிடைக்கலன்னா கவுன்சிலரை தொல்லை பண்ணுங்க, மூடிய மட்டும் விட்ருங்க. நடக்கணும்னா ஒரு கம்பை ஊனிக்கிட்டு ரோட்டு நடுவுல நடங்க, தெருவோரம் இருக்கிற ஈபி பில்லர் பாக்ஸ் பக்கம் போகவே கூடாது.

கரண்ட் கட் பண்ணா ஈபிகாரங்கள திட்டாத ஆளு கிடையாது. ஆனா தண்ணில மூழ்கின கேபிள்ல கரண்ட் இருந்தா என்ன ஆகும்? தண்ணி வாசப்படிக்கு வர்றதுக்கு முன்னாடியே மெயினை ஆஃப் பண்ணிடுங்க, தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு மெயின் பாக்ஸை தொடாதீங்க. இன்வெர்ட்டரை எல்லாரும் மறந்துருவாங்க, மெயின் ஆஃப்ல இருந்தாலும் இன்வெர்ட்டர்ல இருந்து பிளக் பாயின்ட்டுக்கு கரண்ட் வரும். தண்ணி வடிஞ்சப்புறம் தரையை ஒட்டி இருக்கிற சுவிட்ச் போர்டு எல்லாம் காஞ்சு, எலக்ட்ரீஷியன் பாத்ததுக்கு அப்புறம் ஆன் பண்ணுங்க. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினும் அதே மாதிரி. கேஸ் சிலிண்டர் தண்ணில மிதக்கும், ரெகுலேட்டரை கழட்டி மூடிய போட்டு மேல ஏத்தி வைங்க.

சம்ப், அதான் தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டி, அதோட மோட்டர் கதையும் சொல்லியே ஆகணும். கரண்ட் வந்த சந்தோஷத்துல எங்க பழைய அபார்ட்மென்ட்ல ஒருத்தர் மோட்டரை போட்டுட்டாரு. சம்ப்புக்குள்ள சாக்கடை கலந்த வெள்ளத்தண்ணி இருக்கு, அது அப்படியே மொட்டை மாடி டேங்குக்கு ஏறி, அங்க மிச்சம் இருந்த நல்ல தண்ணியும் போச்சு. பதினாறு வீட்டுக்கும் குடிக்க, கழுவ சொட்டுத் தண்ணி இல்ல, அவரு பாவம் ஒரு மாசம் லிஃப்ட்லயே வரல, படிக்கட்டுலதான் போனாரு. வெள்ளம்னு தெரிஞ்ச உடனே மோட்டர் ஃப்யூஸை புடுங்கி வச்சுருங்க. அப்புறம் சம்ப்பை முழுசா எறச்சு, தேய்ச்சு கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, அதுக்கப்புறம்தான் தண்ணி ஏத்தணும், குடிக்கிறத கொதிக்க வச்சே குடிங்க.

படகு வந்தா முதல் படகுலயே ஏறுங்க. 2015ல மீனவர்கள் படகை லாரில ஏத்தி கொண்டு வந்து தெருத்தெருவா ஆளுங்கள எடுத்தாங்க, "நாங்க மாடில இருக்கோம், பரவால்ல"ன்னு திருப்பி அனுப்புன குடும்பங்க ராத்திரி ஆனதும் கைக்குழந்தைக்கு பால் இல்ல, அம்மாவுக்கு இன்சுலின் இல்லன்னு கதறுச்சுங்க. இருட்டுனதுக்கு அப்புறம் படகு ஓட்டுறது அவங்களுக்கும் ஆபத்து. இன்சுலின் வச்சிருக்கவங்க ஃப்ரிட்ஜை நம்பாம ஒரு மண்பானைல தண்ணி ஊத்தி, உள்ள தண்ணி போகாத டப்பாவுல போட்டு வைக்கலாம், ரெண்டு மூணு நாளைக்கு தாங்கும்.

வாட்ஸ்அப் பத்தி சொல்லலன்னா எப்படி. முதலைப் பண்ணையில இருந்து முதலை தப்பிச்சு வெள்ளத்துல வருதுன்னு 2015ல ஒரு மெசேஜ், நாசாவே சொல்லிருச்சு 250 செ.மீ. பெய்யும்னு இன்னொரு மெசேஜ், ரெண்டும் பொய்யி. பொய்யை விட மோசம் பழைய உண்மை. "இந்த வீட்ல கர்ப்பிணி மாட்டிக்கிட்டு இருக்காங்க"ன்னு ஒரு மெசேஜ், அவங்கள எடுத்து ரெண்டு நாள் ஆகியும் சுத்திக்கிட்டே இருக்கும், அதை பாத்துட்டு படகு அங்க போகும், நிஜமா மாட்டினவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. உதவி கேட்டு போடும்போது தேதி, நேரம், எத்தனை பேர், எந்த மாடி எல்லாம் போடுங்க, ஆளு வெளிய வந்துட்டா அதையும் போடுங்க. மாநில கன்ட்ரோல் ரூம் 1070, மாவட்டத்துக்கு 1077, போன்ல சார்ஜ் இருக்கும்போதே எழுதி செவுத்துல ஒட்டிருங்க.

வடிஞ்சதுக்கு அப்புறம் வீடு கழுவுறப்போ எல்லாரும் வெறுங்கால்ல இறங்குறாங்க. அந்த சேத்துல எலி மூத்திரத்துல இருந்து எல்லாம் இருக்கு, கால்ல ஒரு சின்ன வெட்டு போதும் எலிக்காய்ச்சல் வர்றதுக்கு. கம் பூட்ஸ் இல்லன்னா பழைய ஷூவாவது போடுங்க, பத்து பதினஞ்சு நாள்ல காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தா டாக்டர்கிட்ட வெள்ளத்துல நின்னேன்னு மறக்காம சொல்லுங்க. கழுவறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமையும் போட்டோ எடுங்க, கழுவுனப்புறம் எதை காட்டி கேப்பீங்க? நனைஞ்ச மெத்தைய காயவச்சு யூஸ் பண்ணலாம்னு எங்க அம்மா மாதிரி அடம் பிடிக்காதீங்க, அது காயாது, நாறும்.

கடைசியா ஒரு தப்பு, இது ஏப்ரல் மே மாசத்துல பண்றது. லீவுல வீடு மாத்தலாம்னு வெயில்ல போய் பாத்தா எல்லா தெருவும் காஞ்சு அழகாத்தான் இருக்கும், புரோக்கர் "இங்க தண்ணியே நிக்காது சார்"னு சத்தியம் பண்ணுவாரு. அவரை விட்டுட்டு எதிர்த்த மளிகைக் கடைல கேளுங்க, அயர்ன் வண்டிக்காரர்கிட்ட கேளுங்க, பக்கத்து வீடெல்லாம் எத்தனை படி ஏத்தி கட்டியிருக்காங்கன்னு பாருங்க, காம்பவுண்டு சுவத்தை பாருங்க. எங்க சுவத்துல மிக்ஜாம் தண்ணி நின்ன உயரத்துல நானே பச்சை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருந்தேன், இடுப்புக்கு கொஞ்சம் மேல வரும். போன மாசம் கீழ் வீடு பாக்க வந்த ஒருத்தர் அது என்ன கோடுன்னு கேட்டாரு. ஹவுஸ் ஓனர் கொஞ்சமும் யோசிக்காம "பசங்க ஹைட் அளந்து விளையாடுனது சார்"ன்னாரு.