வந்த வேலையைப் பார்க்க விடுங்கள்: செட்டப் விஸார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த காட்சி இது. தோழி ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் இருந்தவர் ஒரு எண்ணைச் சொல்லத் தயாரானார். அன்று காலைதான் இன்ஸ்டால் செய்திருந்த குறிப்புச் செயலியை லேப்டாப்பில் முதல்முறையாகத் திறந்தார் தோழி. "நல்வரவு!" என்றது திரை. நெக்ஸ்ட். கறுப்புத் தோற்றமா, வெள்ளைத் தோற்றமா? நெக்ஸ்ட். கணக்குத் தொடங்குங்கள். ஸ்கிப் பட்டன் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தார். எந்த எழுத்துரு? குறிப்புகளை எந்த ஃபோல்டரில் வைக்கலாம்? "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தவர், கடைசியில் மேசையில் கிடந்த பழைய உறையின் பின்பக்கத்தில் எண்ணை எழுதிக்கொண்டார். அந்தச் செயலியை அவர் மறுபடி திறந்ததாகத் தெரியவில்லை.

முதல் திறப்பில் இப்படிப் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டு அமைத்துத் தரும் விஸார்டு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை மென்பொருள் செய்பவர்களிடையே ஓய்வதே இல்லை. "புதியவர் வெற்றுத் திரையைப் பார்த்து மிரண்டுபோவார், கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும்" என்பது ஒரு கட்சி. "வேலை செய்ய வந்தவரை வாசலிலேயே நிறுத்தாதே" என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. என் அனுபவத்தில் விஸார்டு இருப்பதால் வரும் கெடுதலைவிட, தப்பான ஆளிடம் தப்பான நேரத்தில் கேள்வி கேட்பதால் வரும் கெடுதல்தான் அதிகம். ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்த ஜான் கேரல், மேரி பெத் ராசன் இருவரும் 1987-லேயே இதன் வேரை எழுதிவிட்டார்கள். கையேட்டைப் படித்துவிட்டுத் தொடங்கினால் மொத்தத்தில் நேரம் மிச்சம்தான்; ஆனாலும் மனிதர்கள் படிக்க மாட்டார்கள், நேராக வேலையில் இறங்குவார்கள். அவர்களைத் திருத்த முடியாது. அதை ஒப்புக்கொண்டுதான் மென்பொருளை வடிவமைக்க வேண்டும்.

நிபுணருக்கான கேள்வியைப் புதியவரிடம் கேட்பது

தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். ஒரு டெக்ஸ்ட் எடிட்டரை இப்போதுதான் திறந்தவரிடம் "எந்த கீபோர்டு ஷார்ட்கட் தொகுப்பு வேண்டும்?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? பழகிய பிறகுதான் அதற்கு அவரிடம் பதில் இருக்கும். பழகிய பிறகோ, விஸார்டு இல்லாமலே மாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்கும். ஆக, அந்தக் கேள்வி யாருக்கும் பயன்படுவதில்லை. பல நேரம் இப்படிப்பட்ட கேள்வி எப்படிப் பிறக்கிறது தெரியுமா? குழுவில் இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை. முடிவெடுக்க ஆள் இல்லை. "சரி, பயனரிடமே கேட்டுவிடலாம்" என்று கூட்டம் கலைகிறது. நம் தயக்கத்தைத் தூக்கி, விஷயம் எதுவுமே தெரியாத ஒருவர் தலையில் வைக்கிறோம். அதற்கு "பயனரின் சுதந்திரம்" என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இதற்கு அழகான ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு மென்பொருள் இன்ஸ்டால் ஆகும்போது கேட்கும் கேள்விகளை டெப்கான்ஃப் என்ற கருவி நான்கு படிகளாகப் பிரிக்கிறது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் சரிப்பட்டுவரும் டீஃபால்ட், அதாவது நாம் எதுவும் சொல்லாவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் பதில், இருந்தால் அந்தக் கேள்வி கடைசிப் படி. நியாயமான டீஃபால்ட் இருந்தால் அடுத்த படி. நியாயமான டீஃபால்ட் எதையும் சொல்லவே முடியாது என்றால் உயர்ந்த படி. பதில் இல்லாவிட்டால் கணினியே பழுதாகிவிடலாம் என்றால் உச்சப் படி. சாதாரணமாக மேல் இரண்டு படிகளில் உள்ளவை மட்டுமே திரைக்கு வரும். மற்றவற்றுக்குக் கருவியே பதில் எழுதிக்கொள்ளும். எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறவர் வரம்பைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். உங்கள் விஸார்டின் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இந்த நான்கில் ஒன்றைக் குறித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அடிபட்டுப்போகும் என்று பந்தயம் கட்டுவேன்.

டீஃபால்ட் இல்லாத கேள்வியையும் சில நேரம் கரைத்துவிட முடியும். மின்னஞ்சல் செயலிகள்தான் இதற்கு நல்ல சாட்சி. ஒரு காலத்தில் கணக்கைச் சேர்ப்பதென்றால் தபாலை எடுக்கும் முறை பாப் (POP) ஆ ஐமேப் (IMAP) ஆ, சர்வர் பெயர் என்ன, போர்ட் 993-ஆ 143-ஆ என்று வரிசையாகக் கேட்கும். தபால் அனுப்ப வந்தவரிடம் தபால் வண்டியின் எஞ்சின் எண்ணைக் கேட்பது மாதிரி. இன்று தண்டர்பேர்டு போன்ற செயலிகள் பெயரையும் முகவரியையும் கடவுச்சொல்லையும் மட்டும் வாங்கிக்கொள்கின்றன. முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரை வைத்து, சர்வர் விவரங்களைத் தாமாகவே தேடி எடுத்துக்கொள்கின்றன. கேள்வி மறைந்துவிட்டது, யாரோ உட்கார்ந்து அதற்காக உழைத்ததால்தான் மறைந்தது. நேர மண்டலம், மொழி, தேதி எழுதும் முறை எல்லாம் இயங்குதளத்துக்கே தெரியும். தெரிந்ததையே திரும்பக் கேட்பது சோம்பேறித்தனம்.

தள்ளிப்போட முடியாததைத் தள்ளிப்போடுவது

இதன் மறுபக்கமும் உண்டு. "விஸார்டே வேண்டாம், எல்லாம் செட்டிங்ஸில் இருக்கிறது" என்று கை கழுவுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கண் பார்வை இல்லாதவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வசதி எட்டாவது மெனுவில் இருந்து என்ன பயன்? அங்கே போகவே அவருக்கு அது தேவை. அதனால்தான் புதிய மேக் கணினியிலும் விண்டோஸ் கணினியிலும் முதல் அமைவுத் திரையிலேயே அதை இயக்கிக்கொள்ள முடிகிறது. மொழித் தேர்வும் இதே ரகம். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதன் சொந்த எழுத்திலேயே இருக்க வேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர், வேற்றெழுத்தில் எழுதிய "தமிழ்" என்ற சொல்லை எப்படிக் கண்டுபிடிப்பார்?

பின்னால் மாற்றினால் பெரிய சேதம் என்ற கேள்விகளையும் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். கணக்கு மென்பொருளில் நிதியாண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்பது நல்ல உதாரணம். நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். ஊகித்துத் தப்பாகப் போனால், ஆறு மாதம் கழித்து எல்லா அறிக்கைகளையும் கலைத்துப் போட வேண்டியிருக்கும்.

அனுமதிகளை மொத்தமாக வாசலில் கேட்பது

திறந்த உடனே கேமரா, மைக், இருப்பிடம், தொடர்புகள், நோட்டிஃபிகேஷன் என்று ஐந்து பெட்டிகள் வரிசையாக எழும். இந்தச் செயலி நமக்கு என்ன செய்யும் என்றே தெரியாத நிலையில், எச்சரிக்கையான ஆள் "வேண்டாம்" என்றுதான் அழுத்துவார். அந்த "வேண்டாம்" லேசில் திரும்பாது. ஐபோனில் ஒருமுறை மறுத்துவிட்டால் அதே அனுமதிப் பெட்டியைச் செயலியால் மறுபடி காட்ட முடியாது. பயனர்தான் செட்டிங்ஸுக்குப் போய் மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு 11 வந்த 2020 முதல், ஓர் அனுமதியை இரண்டு முறை மறுத்தால் "இனிக் கேட்காதே" என்றே அர்த்தம். இத்தனைக்கும், இன்ஸ்டால் செய்யும்போதே எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்கும் பழைய முறையை விட்டுவிட்டு, தேவைப்படும்போது கேட்கலாம் என்ற வழியை 2015-லேயே ஆண்ட்ராய்டு 6 திறந்துவிட்டது. படம் எடுக்கும் பட்டனை அழுத்தியவரிடம் கேமரா அனுமதி கேட்டால் அவருக்கு விளக்கமே தேவைப்படாது.

நேரம் பார்த்துக் கேட்பதில் எனக்குப் பிடித்த உதாரணம் கிட். நிரலாளர்கள் தினமும் தொடும் கருவி. முதல் திறப்பில் அது விஸார்டு எதையும் காட்டுவதில்லை. இன்ஸ்டால் செய்தால் பேசாமல் கிடக்கும். முதல்முறை நீங்கள் கமிட் செய்யும்போது, அதாவது நிரலில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்யும்போது, பெயரும் மின்னஞ்சலும் அதற்குத் தெரியாவிட்டால் நிறுத்தி, "நீங்கள் யார் என்று சொல்லுங்கள்" என்கிறது. கூடவே, சொல்வதற்கு அடிக்க வேண்டிய இரண்டு கட்டளைகளையும் அங்கேயே எழுதிக் காட்டுகிறது. ஏன் கேட்கிறது என்பது அந்த நொடியில் யாருக்கும் புரியும்: கமிட்டில் உங்கள் பெயர் பதிய வேண்டும்.

வெளியேற வழி வைக்காதது

"இப்போது வேண்டாம்", "எப்போதும் வேண்டாம்" இரண்டும் வேறு வேறு. பெரும்பாலான விஸார்டுகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஸ்கிப் என்று ஒரே ஒரு வெளிறிய சொல், மூலையில். அதை அழுத்தினால் நாளைக்கு மறுபடி வருமா, இனி வரவே வராதா, விட்டதை எங்கே போய்ப் பிடிப்பது, எதுவும் தெரியாது.

இசட் ஷெல் என்ற கட்டளைவரிக் கருவி இதைக் கச்சிதமாகச் செய்கிறது. உங்கள் விருப்பங்களைச் சேமித்துவைக்கும் அமைப்புக் கோப்பு எதுவும் இல்லாவிட்டால் மட்டும் முதல் திறப்பில் ஒரு சின்னப் பட்டியல் வரும். க்யூ எழுத்தை அழுத்தினால் எதையும் தொடாமல் விலகிவிடும், அடுத்த முறை மறுபடி கேட்கும். பூஜ்யத்தை அழுத்தினால் ஒரே ஒரு குறிப்புரை வரி மட்டும் உள்ள கோப்பை உருவாக்கிவிட்டுப் போய்விடும்; அந்தக் கோப்பு இருப்பதால் இனிக் கேட்காது. ஒவ்வொரு தேர்வும் என்ன செய்யும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். கேள்விகளுக்குப் பதில் சொன்னால், தான் எழுதிய வரிகளின் தொடக்கத்திலும் முடிவிலும் "இவை நான் எழுதியவை" என்று அடையாளமும் போட்டுவைக்கும். பிறகு கையால் திருத்துகிறவருக்கு அது எவ்வளவு உதவி! பார்ப்பதற்கு வறட்டுக் கறுப்புத் திரைதான். ஆனால் அழகழகான படங்களோடு வரும் பல விஸார்டுகளிடம் இந்த மரியாதை இல்லை.

சுற்றுலா நடத்துவது

"இதுதான் தேடும் பட்டன்" என்று பூதக்கண்ணாடிப் படத்தின் மேல் ஒரு குமிழ். "புரிந்தது." அடுத்த குமிழ். "புரிந்தது." இப்படி ஏழு. மூன்றாவது குமிழ் என்ன சொன்னது என்று ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். தேவை வராமல் கேட்டது மனதில் தங்காது. நானோ என்ற டெக்ஸ்ட் எடிட்டர் முக்கிய ஷார்ட்கட்களைத் திரையின் அடியில் இரண்டு வரிகளில் எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கிறது. சுற்றுலாவே தேவையில்லை.

விஸார்டின் பிறப்பும் இப்படி இல்லை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் 1991-ல் வந்தபோது, அதிலிருந்த விஸார்டு மென்பொருளைப் பற்றி உங்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. செய்திமடலா, நாட்காட்டியா என்று கேட்டு, கேள்விகள் முடியும்போது அந்தப் பக்கத்தையே செய்து கையில் கொடுத்தது. வந்த வேலை முடிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து ஆஃபீஸ் 97-ல் வந்த பேப்பர்கிளிப் உதவியாளர், "நீங்கள் கடிதம் எழுதுவது போலிருக்கிறது" என்று கேட்காமலே வந்து நின்றது. 2001-ல் அதை டீஃபால்ட்டாக அணைத்தார்கள். ஆஃபீஸ் 2007-ல் அது இல்லவே இல்லை.

தன் காரியத்தை இடையில் செருகுவது

அமைவு என்ற பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்வது, செய்திமடலுக்குச் சேர்ப்பது, பயன்பாட்டுத் தரவை அனுப்ப ஒப்புதல் வாங்குவது. விண்டோஸ் 10 வந்தபோது "எக்ஸ்பிரஸ் செட்டிங்ஸ்" என்ற பெரிய பட்டன் தரவுப் பகிர்வை மொத்தமாக இயக்கிவிடும். மாற்ற வேண்டுமானால் சின்ன எழுத்தில் ஓர் இணைப்பு. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2017 அப்டேட்டில் அந்தத் திரை போய், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்வு செய்யும் திரை வந்தது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2019-ல் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள். ஒரு திரையில் இப்படி ஏமாந்தவர், மற்ற நல்ல கேள்விகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

பழைய பயனரைப் புதியவராக நடத்துவதும் எரிச்சல் கிளப்பும். பழைய அமைப்புக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசாமல் விலகுவது சில வரி வேலைதான். நூறு கணினிகளில் இன்ஸ்டால் செய்யும் நிர்வாகிக்குப் பதில்களை ஒரே கோப்பில் முன்கூட்டியே எழுதிவைக்கும் வழியும் இருக்கட்டும்.

முதல் திரையைத் தாங்களே பார்க்காதது

செய்பவர்கள் கண்ணில் மிகக் குறைவாகப் படும் திரை இதுதான். அவர்கள் கணினியில் அமைப்புக் கோப்பு எப்போதோ உருவாகிவிட்டது. நாங்கள் ஒரு கணக்கு மென்பொருள் செய்தபோது எங்களுக்கும் இதே கதிதான். ஆறு பக்க விஸார்டு. ஒரு நாள் புதிதாக ஒரு யூசர் கணக்கைத் திறந்து, நானே பயனர் மாதிரி உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கம், "தரவுக் கோப்பை எங்கே வைக்கலாம்?" என்று கேட்டது. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்தான். ஆனால் என் கையும் படிக்காமலே நெக்ஸ்ட்டை அழுத்தியது.

ஒவ்வொரு பக்கமாக எடுத்தோம். கடைசியில் நிதியாண்டுக் கேள்வி மட்டும் மிஞ்சியது. அதையும் விஸார்டிலிருந்து எடுத்து, முதல் பதிவைச் சேமிக்கும் இடத்தில் வைத்தோம். வெளியிட்ட வாரத்தில் ஒரே ஒரு அழைப்பு வந்தது. தரவைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் ஒருவர். செட்டிங்ஸில் இடத்தைக் காட்டினோம். விஸார்டு எங்கே போயிற்று என்று மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை.