தள்ளுபடி போர்டைப் பார்க்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள்

தம்பி போன ஆடித் தள்ளுபடியில் ஒரு ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கினான். 7 கிலோ, கறுப்புக் கண்ணாடிக் கதவு. சொன்ன விலையில் நாலாயிரம் குறைத்து வாங்கிய பெருமை வேறு. வீடு மேடவாக்கம் பக்கம், மூன்றாவது மாடி. தலைக்கு மேலே மொட்டை மாடி, அங்கேதான் தண்ணீர்த் தொட்டி. முதல் நாளே மெஷின் கால் மணி நேரம் முனகிவிட்டு, ஏதோ இரண்டு எழுத்தைக் காட்டி நின்றுவிட்டது. புது மெஷினிலேயே கோளாறு என்று வீட்டில் ஒரே களேபரம். நானும் அன்று அங்கேதான் இருந்தேன்.

மெக்கானிக் வந்தார். மெஷினைத் தொடவே இல்லை. "அக்கா, ஒரு பக்கெட் குடுங்க" என்றார். மெஷினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு, 10 லிட்டர் பக்கெட்டைக் குழாயடியில் வைத்து, செல்போனில் நேரம் பார்த்தார். நிரம்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. "ஒரு நிமிஷத்துல நிரம்பணும்க்கா. டேங்க் உங்க தலைக்கு மேலயே உக்காந்திருக்கு, தண்ணி எப்படி அழுத்தமா வரும்? மெஷின்ல ஒண்ணுமில்ல."

விஷயம் சின்னதுதான். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களுக்கு 0.3 பாராவது வேண்டும். அதாவது தொட்டியின் அடிக்கும் மெஷின் குழாய்க்கும் நடுவே சுமார் 10 அடி உயரம். தம்பி வீட்டில் 7 அடி தேறவில்லை. குழாயில் ஒரு பிரஷர் பம்பு மாட்டிய பிறகுதான் மெஷின் ஓடியது. பேரம் பேசி மிச்சம் பிடித்த நாலாயிரம் பம்புக்கும் பிளம்பருக்கும் போனது, அதற்கு மேல் கையிலிருந்து ஓர் ஆயிரமும்.

நாம் பெரும்பாலும் செய்கிற தவறு இதுதான். கடையில் போய் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். அதை வைக்கப்போகிற வீட்டைப் பார்ப்பதில்லை. தண்ணீர் எப்படி வருகிறது, பிளக் எத்தனை ஆம்பியர், பழுதானால் யார் வருவார்கள் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு கடைக்குப் போனால், பாதி மாடல்கள் தானாகவே கழிந்துவிடும். பட்ஜெட்டும் கொஞ்சம் மூச்சுவிடும்.

உப்புத் தண்ணீர் வீடு

போர் தண்ணீர் வீடா? சோப்பு நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைக்காமல் திரிதிரியாகத் திரிந்தால் கடினத் தண்ணீர். அந்த வீட்டில் வெந்நீர் வசதியுள்ள மெஷின் வாங்கினால், ஹீட்டர் கம்பி மேல் சில மாதத்திலேயே வெள்ளைப் பொருக்கு கட்டத் தொடங்கும். பொருக்கு ஏற ஏற சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கி, ஒரு நாள் அது எரிந்துபோகும். ஃப்ரண்ட் லோடில் இன்னொன்றும் உண்டு. டிரம்முக்குப் பின்னால் மூன்று கை விரித்த மாதிரி ஓர் அலுமினியத் துண்டு இருக்கும், மெக்கானிக்குகள் 'ஸ்பைடர்' என்பார்கள். உப்பும் சோப்பும் சேர்ந்து அதை மெல்ல அரித்துவிடும். டிரம்மைச் சுழலவிடுகிற பேரிங்கும் போனால், டிரம்மைச் சுற்றியிருக்கிற வெளித்தொட்டியை, அதாவது டப்பைப் பிரிக்க வேண்டும். சில மாடல்களில் டப் ஸ்க்ரூ போட்டிருக்கும், பிரித்து மாட்டலாம். சிலவற்றில் ஒட்டி மூடியிருப்பார்கள். சில நூறு ரூபாய் பேரிங்குக்காக மொத்த டப்பையும் மாற்றச் சொல்வார்கள். கடைப் பையனுக்கு இது தெரியாது. உங்கள் தெரு மெக்கானிக்குக்குத் தெரியும்.

உப்புத் தண்ணீரும் குறைந்த பட்ஜெட்டும் சேர்ந்தால், ஹீட்டர் இல்லாத டாப் லோடு அல்லது செமி ஆட்டோமேட்டிக் என்பதே என் கட்சி. செமி என்றாலே தரம் குறைந்தது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. குழாயில் அழுத்தமே இல்லாவிட்டாலும் பக்கெட்டில் ஊற்றி ஓட்டலாம். லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிற வீட்டுக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை. உள்ளே இருப்பதும் டைமர், பெல்ட், மோட்டார் என்று எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழகிய சாமான்கள்தான். ஒரே குறை, ஈரத்துணியைக் கையால் தூக்கி அடுத்த தொட்டியில் போட வேண்டும். இடுப்பு வலிக்காரர்கள் வீட்டில் அது பெரிய குறைதான், சின்னதாகச் சொல்ல மாட்டேன்.

கிலோ கணக்கிலும் ஏமாறுகிறோம். 7 கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. அதுவும் பருத்தித் துணிக்கான முழு நேர புரோகிராமில். அரை மணி நேர 'குயிக்' புரோகிராமில் ஃப்ரண்ட் லோடு பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் ஏற்காது. தினமும் துவைக்கிற வீட்டுக்கு 9 கிலோ எதற்கு?

பிளக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் விளையாட வேண்டாம். 2000 வாட் ஹீட்டருள்ள மெஷினும் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். மொபைல் சார்ஜர் மாட்டுகிற 6 ஆம்பியர் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஓட்டினால் பிளாஸ்டிக் உருகும். 16 ஆம்பியர் பாயிண்ட், ஒழுங்கான எர்த், இரண்டும் வேண்டும். மெஷினைத் தொட்டால் கை சுர்ரென்கிறது என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிளக்கின் மூன்றாவது முள்ளை வெட்டி மாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

பத்து வருஷ வாரண்டி எதற்கு?

ஸ்டிக்கரில் '10 வருஷம்' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். 'மோட்டாருக்கு மட்டும்' என்பதைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். மற்ற பாகங்களுக்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான். மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போவதும் இல்லை. போவது எலெக்ட்ரானிக் போர்டு, தண்ணீர் வெளியேற்றும் பம்பு, கதவுப் பூட்டு, தண்ணீர் வால்வு. இரண்டு வருஷம் தாண்டி போர்டு போனால் மொத்தச் செலவும் நம் தலையில்தான். அடிப்பக்கம் திறந்திருக்கிற மெஷினில் எலி புகுந்து ஒயரைக் கடித்தால் அதற்கும் பொதுவாக வாரண்டி கிடையாது. வாங்கும்போதே அடியில் தகடோ வலையோ இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

நான் இப்போதெல்லாம் ஒரு வேலை செய்கிறேன். மாடலைத் தேர்ந்தெடுத்ததும், வாங்குவதற்கு முன்பே அந்தக் கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்து, ஏற்கெனவே வாங்கியவள் மாதிரி கேட்பேன்: "இந்த மாடலுக்கு போர்டு என்ன விலை? எங்க ஏரியாவுக்கு ஆள் வர எத்தனை நாள் ஆகும்? வந்து பார்க்க எவ்வளவு?" பதில் சொல்ல மூன்று முறை வேறு எண்ணுக்கு மாற்றினார்கள் என்றால், பழுதான பிறகு என்ன நடக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். மாவட்டத் தலைநகரைத் தாண்டிய ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு போன் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஊரில் ஆள் இல்லாத கம்பெனியின், மின்சிக்கன லேபிளில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய மெஷினைவிட, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சர்வீஸ் இருக்கிற கம்பெனியின் மூன்று நட்சத்திர மெஷின் மேல்.

நட்சத்திரக் கணக்கு

நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறோம். லேபிளில் அதைவிடப் பயனுள்ள எண் ஒன்று இருக்கிறது, ஃப்ரிட்ஜ் என்றால் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்பது. ஒரே அளவுள்ள இரண்டு ஃப்ரிட்ஜ்களில் ஒன்று வருஷத்துக்கு 50 யூனிட் குறைவாக எடுக்கிறது, விலை 4000 ரூபாய் கூடுதல் என்று வையுங்கள். யூனிட் 6 ரூபாய் என்றால் மிச்சம் வருஷத்துக்கு 300. போட்ட காசு திரும்ப 13 வருஷம் ஆகும். வித்தியாசம் 120 யூனிட் என்றால் ஆறு வருஷத்துக்குள் திரும்பிவிடும், அப்போது தாராளமாக வாங்கலாம். நம் ஊரில் மின்கட்டணம் யூனிட் ஏற ஏறக் கூடுகிற படிக்கட்டு முறை. ஆகவே கணக்குப் போடும்போது சராசரி விலையை எடுக்கக் கூடாது. உங்கள் பில்லில் கடைசியாக எட்டிய படியின் விலையை எடுங்கள். குறைகிற யூனிட் அந்த மேல்படியில் இருந்துதான் குறைகிறது.

லேபிளில் எந்தக் காலத்துக்கு உரியது என்றும் போட்டிருக்கும். நட்சத்திர வரையறையை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய ஸ்டாக்கின் ஐந்து நட்சத்திரம் புதுக் கணக்கில் நாலாகிவிடலாம். தள்ளுபடியில் மலையாய்க் குவிந்திருப்பது ஏன் என்று அப்போது புரியும்.

ஃப்ரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடுவதால் இந்தக் கணக்குக்கு அங்கே மதிப்பு. பச்சைத் தண்ணீரில் துவைக்கிற வாஷிங் மெஷினுக்கு நட்சத்திரத்துக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃப்ரீசரில் ஐஸ் கட்டினால் கத்தியால் குத்திப் பெயர்க்காதீர்கள். அந்தத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. ஓட்டை விழுந்தால் கம்ப்ரஸருக்கு எத்தனை வருஷ வாரண்டி இருந்தும் பயனில்லை.

மிக்ஸியும் கிரைண்டரும்

வாட் கூடினால் மிக்ஸி நல்லது என்ற நம்பிக்கை எப்படியோ பரவிவிட்டது. இரண்டு பேர் வீட்டில் சட்னியும் பொடியும்தான் என்றால் 500 வாட் போதும். தினமும் தேங்காய், மசாலா அரைக்கிற வீட்டுக்கு 750. ஆயிரம் வாட் மிக்ஸியில் இட்லி மாவு அரைத்துவிட்டு, சூட்டில் மாவு புளித்துப்போகிறது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

பார்க்க வேண்டியது ஜாரைத்தான். மூடி ரப்பர், பிளேடு, அடியில் இருக்கிற புஷ், ஜாரை மோட்டாரோடு இணைக்கிற கப்ளர் எல்லாம் உங்கள் ஊர்க் கடையில் தனித்தனியாகக் கிடைக்குமா? கப்ளர் உடைந்தால் மட்டமான சரக்கு என்று திட்டுகிறோம். ஜார் இறுகிக்கொண்டால் மோட்டாருக்கு முன்னால் தான் உடைய வேண்டும் என்றே அந்த ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் வைத்திருக்கிறார்கள்.

அம்மா ஒரு முறை மிக்ஸி செத்துவிட்டது என்று பையில் போட்டு, 12 கிலோமீட்டர் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கிக் கொடுத்துவிட்டார். காசு கேட்கவில்லை, ஆனால் சிரித்தார் என்று இன்றுவரை அம்மாவுக்குக் கோபம். அதிக பாரம் ஏறினால் மோட்டாரைக் காப்பாற்ற அந்தப் பொத்தான் தானே தட்டிவிடும். புது மிக்ஸியில் முதல் சில தடவை லேசாகக் கருகல் வாசனை வருவதும் மோட்டார் வார்னிஷ் சூடாவதால்தான். புகை வந்தால்தான் கவலை.

கிரைண்டருக்குக் கோயம்புத்தூரைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. 2011-ல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர் எங்கள் பெரியம்மா வீட்டில் இன்னும் ஓடுகிறது, பெல்ட் இரண்டு முறை மாற்றியதோடு சரி. நாலு பேருக்கு 2 லிட்டர் டேபிள் டாப் தாராளம். விருந்தாளி வருவார்கள் என்று பெரியதை வாங்கி, கழுவச் சோம்பல்பட்டுக் கடை மாவு வாங்குகிற வீடுகள் எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அதில் ஒன்று.

கேஸ் அடுப்பு, குக்கர் இரண்டிலும் விலை பார்த்து ஐ.எஸ்.ஐ முத்திரையை விட்டுக்கொடுக்காதீர்கள். முத்திரைக்கு மேல் தர எண் இருக்கும், அடுப்புக்கு 4246, குக்கருக்கு 2347. கீழே இருக்கிற உரிம எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் போட்டால் நிஜ முத்திரையா என்று கடையிலேயே தெரிந்துவிடும்.

பில் போடும் இடத்தில்

வட்டியில்லாத தவணை என்றால் முதலில் ஒரு கேள்வி: "ரொக்கமா குடுத்தா எவ்வளவு?" பல நேரம் ரொக்க விலை குறைவாக இருக்கும். அந்த வித்தியாசமும் பிராசஸிங் கட்டணமும்தான் நீங்கள் கட்டுகிற வட்டி. 'ஜி.எஸ்.டி குறைந்ததால் இந்த விலை' என்று வாஷிங் மெஷின் மேல் அட்டை தொங்கினாலும் நம்ப வேண்டாம். 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியவை ஏ.சி, பாத்திரம் கழுவும் மெஷின் போன்றவை. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மிக்ஸியெல்லாம் 2018 ஜூலையிலேயே 18-க்கு வந்துவிட்டன.

பில் தாளில் எழுத்து ஒரு வருஷத்தில் மங்கிவிடும். அன்றே போட்டோ எடுங்கள், மெஷின் பின்னால் இருக்கிற சீரியல் எண்ணையும் சேர்த்து. தகராறு என்று வந்து 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யும்போது இவைதான் கேட்பார்கள்.

ஃப்ரண்ட் லோடு வாங்கியிருந்தால் கடைசியாக ஒன்று. டெலிவரி ஆள் இறக்கிவிட்டுப் போனதும் ஆசையாக ஆன் செய்யாதீர்கள். டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் முடுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் சுற்றவிட்டால் மெஷின் அறை முழுக்க நடக்கும், சில சமயம் உள்ளே எதையாவது உடைத்துக்கொள்ளும். கழற்றிய போல்ட்டுகளைத் தூக்கி எறியவும் வேண்டாம். வாடகை வீட்டுக்காரர்கள் அடுத்த வீட்டுக்கு மெஷினை வண்டியில் ஏற்றும்போது திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். தம்பி வீட்டில் அவை சமையலறை டிராயரில், பம்பு வாங்கிய பில்லோடு கிடக்கின்றன.