மலைமுகட்டில் ஒரு நாள்: சென்னைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மலையேற்றம் பழகியவர்களில் பலருக்கு முதல் பாடம் நாகலாபுரம் பக்கத்து ஓடைகள்தான். தண்ணீரை ஒட்டியே நடை. கால் சோர்ந்தால் குட்டையில் இறங்கிவிடலாம், நிழலுக்கும் குறைவில்லை. அதே பழக்கத்தோடு மலைமுகட்டு நடைக்குப் போனால் சிக்கல்தான். முகடு மலையின் முதுகெலும்பு மாதிரி. மழை பெய்தாலும் தண்ணீர் அங்கே நிற்காது, இரண்டு பக்கமும் வழிந்து ஓடிவிடும். மரமும் குறைவு. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு: நடுவழியில் போதும் என்று தோன்றினால் பக்கவாட்டில் இறங்கிவிட முடியாது. முன்னே போக வேண்டும், இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். அதனால் மேலே போய் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் கீழே இருக்கும்போதே, சில சமயம் கிண்டியில் வேன் ஏறும்போதே, தவறைச் செய்து முடித்திருப்பார்கள்.

தூக்கத்தில் தொடங்குவோம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் வேனில் ஏறி, வழியெல்லாம் பாட்டும் பேச்சுமாகப் போய், விடியற்காலையில் அடிவாரத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஏறத் தொடங்குவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் லீவு மிச்சமாகிறது என்பது சரி. ஆனால் தூங்காத உடம்புக்கு நிதானமும் கால் பிடிமானமும் குறையும். சரியான நேரத்தில் ‘திரும்பிவிடலாம்’ என்று முடிவெடுக்கும் புத்தியும் மந்தமாகும். ஏலகிரி போகிறவர்கள் மாலை ரயிலில் ஜோலார்பேட்டை போய், மலைமேல் அறை எடுத்துத் தூங்கி எழுந்து, காலையில் அங்கேயே இருக்கும் சுவாமிமலை உச்சிக்கு நடக்கலாம். பர்வதமலைக்குப் போகிறவர்கள் முந்தின நாளே போளூரிலோ திருவண்ணாமலையிலோ தங்கலாம். அறை வாடகைக்குப் பார்த்துத் தூக்கத்தை விடுவது எனக்கு நல்ல கணக்காகத் தெரியவில்லை.

அடுத்தது நேரக் கணக்கு. ‘பத்து கிலோமீட்டர்தானே, மெரினாவில் தினமும் அதில் பாதி நடக்கிறோமே’ என்று நினைப்பவர்கள் ஏற்றத்தை மறந்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு எளிய கணக்கு சொன்னார்: சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்து கிலோமீட்டர் நடையில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால் மூன்றரை மணி நேரம் ஆகும். அதுவும் நன்றாக நடக்கப் பழகியவர், குளிர் நாட்டில், எங்கேயும் நிற்காமல் நடந்தால். நம் வெயிலுக்கும், போட்டோவுக்கும், சாப்பாட்டுக்கும், கூட வருகிற பத்துப் பேருக்கும் சேர்த்து இதை இரட்டிப்பாக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். அப்புறம் ‘திரும்பும் நேரம்’ ஒன்றைக் கீழேயே முடிவு செய்யுங்கள். பதினொன்றரை என்றால் பதினொன்றரை. உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் திரும்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியும் உச்சியும் பல சமயம் உச்சி இல்லை, அதன்மேல் ஏறியதும் பின்னால் இன்னொன்று எட்டிப் பார்க்கும்.

சீக்கிரம் இறங்கச் சொல்வது இருட்டுக்குப் பயந்து மட்டும் இல்லை, இடிக்குப் பயந்தும்தான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சென்னையில் இரவில் கொட்டுகிற மழையைக் கவனித்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி பிற்பகலில் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் மலைகளை ஒட்டி உருவாகி, மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து இரவில் நம்மிடம் வந்து சேர்வது. அதாவது, நமக்குப் பிடித்த அந்த மழை நாம் ஏறப்போகும் மலையின் தலையில்தான் முதலில் திரள்கிறது. வெயிலில் சரிவுகள் சூடாகி, காற்று மேலே எழும்பி, காலையில் பஞ்சுப் பொதியாக இருந்த மேகம் மத்தியானத்துக்குள் கோபுரமாக வளர்ந்துவிடும். ஏப்ரல், மே கோடை மழைக்கும் இதே கதைதான். காலையில் போனில் சென்னை வானிலையைப் பார்த்துவிட்டு, ‘மழை இல்லை, கிளம்பலாம்’ என்பது அதனால்தான் பயனில்லாத வேலை.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிப் பாருங்கள். மூன்று நொடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் நீங்கள் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள், முகட்டை விட்டுப் பாதை வழியே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ‘மழை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று காத்திருப்பது தவறு, மின்னல் மழைக்கு முன்னாலேயே வந்துவிடும். ஒதுங்க இடம் தேடும்போது தனி மரத்தடியும் வேண்டாம், பாறை இடுக்கும் வேண்டாம், ஆழமில்லாத குகையும் வேண்டாம். பர்வதமலையின் மேற்பகுதியில் பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலிகளையும் பிடித்துத்தான் ஏற வேண்டியிருக்கும். வானம் கருக்கும்போது அந்தப் பகுதியில் கால் வைக்கவே கூடாது. ஏற்கெனவே மேலே இருந்தால் கம்பியிலிருந்து விலகி நில்லுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நிற்காமல் இடைவெளி விட்டு நிற்பதும் முக்கியம்.

வழி தவறுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் முகடு ஒரு வேடிக்கை செய்யும். ஏறும்போது கிளை முகடுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டே போகும். எதில் ஏறினாலும் கடைசியில் மேலேதான் போய்ச் சேர்வீர்கள். இறங்கும்போது அதே முகடு பிரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு பிரிவிலும் தவறான கிளை ஒன்று காத்திருக்கும், அதுவும் பார்க்க அகலமாக, நடக்கச் சுகமாக இருக்கும். ஏறும்போது ஒரு சந்தேகமும் இல்லாத பாதையில் இறங்கும்போது தடுமாறுவது இதனால்தான். ஏறும்போதே, பாதை பிரியும் இடங்களில் நின்று திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது உங்களுக்குத் தெரியப்போவது அந்தப் பக்கத்துத் தோற்றம்தான். அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், மேலே சிக்னலை நம்ப வேண்டாம். வழி தப்பிவிட்டது என்று தெரிந்ததும் ‘ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும்’ என்று யாராவது ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். ஓடை ஊருக்குப் போகும் முன் பாறை விளிம்பில் அருவியாக விழும், அங்கே ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நிற்பீர்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் வரைக்கும் திரும்ப ஏறுவதுதான் வழி. அலுப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

அனுமதியில்லாமல் போவது இன்னொரு பெரிய தவறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளுக்கு இணையவழி முன்பதிவும் தொடங்கியது. வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலைப்பகுதிப் பழங்குடி மக்களும் உள்ளூர்க்காரர்களும். கட்டணத்தைப் பார்த்து முகம் சுளித்து, ‘ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்துக் குறுக்கு வழியில் போயிடலாம்’ என்கிறவர்களுக்கு ஒன்று: அனுமதி வாங்கினால், நீங்கள் அந்த மலையில் இருக்கிறீர்கள் என்று கீழே யாருக்காவது தெரிந்திருக்கும். வராவிட்டால் தேடுவார்கள். கோடையில் காட்டுத்தீக்குப் பயந்து வனத்துறை பாதையை மூடினால், மூடியதுதான்.

தீயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அது சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறையினரின் பொதுவான கணக்கு. காய்ந்த புல்வெளியில் மேலே ஓடி அதை ஜெயிக்க முடியாது. பக்கவாட்டில் விலகிப் புல்லில்லாத பாறைப் பரப்புக்கோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்துக்கோ போக வேண்டும். பீடி, சிகரெட், சமையல், கேம்ப் ஃபயர் எதற்கும் முகட்டில் இடமில்லை. புகையும் சென்ட் வாசனையும் கூச்சலும் மலைத்தேனீக்களையும் கிளப்பிவிடும். பாறை விளிம்புக்குக் கீழே பெரிய அடை தொங்கினால் வாயை மூடிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். பாதிப் பேர் ஒரு லிட்டர் பாட்டிலோடு வந்து மற்றவர்களுடையதைக் குடிப்பது நட்பு இல்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, கடலைமிட்டாய், புளிசாதம் போதும். தயிர்சாதம் வேண்டாம், மத்தியானத்துக்குள் புளித்துவிடும். நாலாயிரம் அடி உயரத்தில் சென்னையைவிட எட்டு டிகிரி வரை குளிர் கூடுதல். வியர்வையில் நனைந்த பருத்தி டி-ஷர்ட்டோடு முகட்டுக் காற்றில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நடுக்கம் வரும், காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். முந்தின நாள் தி.நகரில் வாங்கிய புது ஷூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், இறங்கும்போது கட்டைவிரல் நன்றி சொல்லும்.

ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்குத் தொடை வேண்டும். சென்னை சமதளத்தில் வாழ்கிற நமக்கு இரண்டாவதுதான் இல்லை. மெரினா நடை மூச்சுக்கு நல்லது, இறக்கத்துக்குப் போதாது. மெட்ரோ ஸ்டேஷனில் எஸ்கலேட்டரை விட்டுப் படியில் இறங்கிப் பழகுங்கள். திருக்கழுக்குன்றத்தில் 565 படிகள் இருக்கின்றன. போவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே ஞாயிறு காலையில் அதில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பாருங்கள், முழங்காலின் நிலவரம் தெரிந்துவிடும்.

குழுவாகப் போகும்போது வேகமானவர்கள் முன்னே போய் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மெதுவாக வருகிறவர் வந்து சேர்ந்ததும் எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்படுகிற ஆளுக்கு ஓய்வே கிடைக்காது. மெதுவானவரை முன்னால் விட்டு, அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் வரட்டும். போனில் பார்த்தபடி பின்னால் அடி எடுத்து வைத்து குரூப் போட்டோ எடுக்கும் வழக்கம் முகட்டில் வேண்டவே வேண்டாம். எடுக்கிறவர் முதலில் நிற்கட்டும், மற்றவர்கள் நகர்ந்துகொள்ளலாம்.

இனி வீடு திரும்புவது. என் கணக்கில், அன்றைய நாளின் மிக ஆபத்தான பகுதி மலை இல்லை, இரவில் பெங்களூர் நெடுஞ்சாலையில் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு வருவது. நாள் முழுக்க நடந்தவர், முந்தின இரவு சரியாகத் தூங்காதவர், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பார். பின் சீட்டில் எல்லோரும் தூங்குவார்கள். ஏறாத டிரைவர் ஒருவரை அமர்த்துங்கள், அவரைப் பகலில் வண்டியில் தூங்கவிடுங்கள். அது முடியாதென்றால் ராணிப்பேட்டையிலோ காஞ்சிபுரத்திலோ அறை எடுத்துப் படுத்துவிட்டு, ஞாயிறு காலை மெதுவாக ஊர் வந்து சேருங்கள்.