டிராக்டரைச் சாலையில் ஏற்றும்போது விளக்குகளில் செய்யக்கூடாத தவறுகள்

புதிதாக டிராக்டர் ஓட்டத் தொடங்குகிறவர்கள் கலப்பை எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், எந்தக் கியரில் உழ வேண்டும் என்றெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். வேலை முடிந்து இருட்டில் சாலையேறும்போது பின்னால் வருகிறவரின் கண்ணுக்கு இந்த வண்டி எப்படித் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கும்போது பதற்றமாக இருக்கிறது. பியூஸான பல்பை மாற்றுங்கள், விளக்கின் மேல் அப்பிய சேற்றைத் துடையுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின்பக்க வேலை விளக்கை அணைக்காமல் சாலைக்கு வருவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. இன்றும் எங்காவது பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இரவு உழவில் கருவி மண்ணில் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காக மட்கார்டிலோ கூரையிலோ பின்னோக்கி ஒரு வெள்ளை விளக்கு இருக்கும். வயலில் அது அவசியம். உழுது முடித்து, கருவியைத் தூக்கி, வரப்பைத் தாண்டிச் சாலைக்கு வரும்போதும் பலர் அதை எரியவிட்டே வருகிறார்கள். சிலர் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் தெரிந்தே செய்கிறார்கள்: வெளிச்சம் கூடுதலாக இருந்தால் பின்னால் வருகிறவருக்கு நன்றாகத்தானே தெரியும் என்பது அவர்கள் எண்ணம்.

நடப்பது நேர்மாறு. வண்டிக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்பது 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் வரைக்கும் எழுதப்பட்டிருக்கிற விதி. பின்னோக்கி வெள்ளை வெளிச்சம் காட்ட ரிவர்ஸ் விளக்கு, எண் பலகை விளக்கு போன்ற சிலவற்றுக்குத்தான் அனுமதி. ஓட்டுநரின் கண் இந்த நிறங்களை யோசிக்காமலே படிக்கிறது. வெள்ளை என்றால் எதிரே வருகிறது. சிவப்பு என்றால் முன்னே போகிறது. பின்னால் வெள்ளை விளக்கோடு போகிற டிராக்டர், தன்னைத் தொடர்ந்து வருகிறவரிடம் 'நான் எதிரே வருகிறேன்' என்று பொய் சொல்லிக்கொண்டே போகிறது.

ஒருமுறை இரவில் ஒரு காரில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். வளைவு திரும்பியதும் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம். எதிரே லாரி வருகிறது என்று நினைத்து ஓட்டுநர் தன் பக்கத்து ஓரமாக ஒதுங்கினார். ஒதுங்கிய அந்த ஓரத்தில்தான் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது, தூக்கிய கொத்துக் கலப்பையோடு. கலப்பையின் கொழுமுனைகள் காரின் கண்ணாடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. பிரேக் பிடித்து நின்றபோது அவற்றுக்கும் எங்களுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. டிராக்டரை ஓட்டியவர் நான் பழக்கிய பையன். இறங்கி வந்து, "அண்ணா, விளக்கு எல்லாம் எரியத்தானே வந்தேன்?" என்றான். உண்மைதான், எல்லாமே எரிந்தன. பின்விளக்கு சிவப்பாக எரிந்ததை எங்கள் இருவரில் யாரும் பார்க்கவே இல்லை.

காரணம் எளிது. சாதாரண பின்விளக்குப் பல்பு 5 வாட், பிரேக் பல்பு 21 வாட். பக்கத்தில் 55 வாட் ஹாலஜன் வேலை விளக்கு எரிந்தால், சிவப்பு அந்த வெள்ளைக்குள் மூழ்கிவிடும். நீங்கள் பிரேக் பிடிப்பதும் தெரியாது, இண்டிகேட்டர் போடுவதும் தெரியாது. இப்போது வருகிற எல்இடி விளக்குகளில் கூச்சம் இன்னும் மோசம். காரின் முகப்பு விளக்கில் எதிரே வருகிறவரின் கண்ணில் படாதபடி ஒளிக்கற்றையை வெட்டி இறக்கும் அமைப்பு உண்டு. வேலை விளக்கில் அது கிடையாது. நாலா பக்கமும் பரப்புவதுதான் அதன் வேலை.

இதோடு வேகத்தைச் சேர்த்துப் பாருங்கள். டிராக்டர் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறது, பின்னால் கார் 80இல் வருகிறது. இடைவெளி விநாடிக்கு 15 மீட்டர் வீதம் குறைகிறது. 100 மீட்டர் தீர்ந்துபோக ஏழு விநாடிகூட ஆகாது. அதில் பாதி நேரத்தை 'இது என்ன, எந்தப் பக்கம் வருகிறது' என்ற குழப்பத்திலேயே அந்த ஓட்டுநர் இழந்துவிடுவார்.

விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பிவைப்பது தீர்வாகாது. பள்ளத்தில் வண்டி குலுங்கினால் மறுபடி கண்ணில்தான் அடிக்கும். சிவப்புக் காகிதம் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நிரந்தரமாக எரியும் பிரேக் விளக்காகிவிடும், பிறகு உண்மையான பிரேக்கை யார் நம்புவார்கள்? வேலை விளக்குக்குத் தனி சுவிட்ச், அது எரியும்போது டேஷ்போர்டில் கண் படும் இடத்தில் எரிகிற சிறு காட்டி விளக்கு, இரண்டையும் பொருத்துங்கள். கருவியைத் தூக்கும் கை அடுத்ததாக அந்தச் சுவிட்சுக்குப் போகும்வரை பழக்குங்கள்.

தூக்கிய கருவி பின்விளக்கை மறைப்பது

ரோட்டவேட்டரையோ விதைப்புக் கருவியையோ தூக்கினால் பின்விளக்குகள் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். இருக்கையில் இருந்து பார்த்தால் இது தெரியாது. இறங்கி, இருபது முப்பது அடி பின்னால் போய், கார் ஓட்டுகிறவரின் கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். மறைந்தால், கருவியின் மேல் மாட்டும் விளக்குப் பலகை வேண்டும். கருவி டிராக்டரைவிட அகலமாக இருந்தால் அதன் இரு ஓரங்களுக்கும் விளக்கும் ரிஃப்ளெக்டரும் தேவை. எதிரே வருகிறவர் உங்கள் முகப்பு விளக்குகளை வைத்துத்தான் வண்டியின் அகலத்தைக் கணக்கிடுகிறார். அதற்கு வெளியே நீளும் இரும்பு அவர் கணக்கில் இல்லை.

முக்கோணப் பலகையை விளக்குக்குப் பதிலாக நம்புவது

மெதுவாகப் போகும் வாகனத்துக்கான முக்கோணம் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. நடுவில் உள்ள ஆரஞ்சு பகலுக்கு; சுற்றியுள்ள சிவப்பு விளிம்பு இரவுக்கு. அந்த விளிம்புக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சம் நேராக விழுந்தால்தான் ஒளிரும், வளைவில் விழாது. ஆரஞ்சுப் பகுதி வெயிலில் வெளுக்கும். வெளுத்ததை மாற்றுங்கள். அது இருக்கிறது என்பதற்காகப் பின்விளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

வழி முழுக்க அபாய விளக்கைச் சிமிட்டிக்கொண்டு போவது

அபாய விளக்கு என்பது இரு பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து சிமிட்டுவது. வயலுக்குத் திரும்பும்போது நீங்கள் இண்டிகேட்டர் போடுவது அதில் காணாமல்போகும். முந்த வருகிறவர் உங்கள் பக்கச் சக்கரத்தில்தான் வந்து மோதுவார். மெதுவாகப் போகிறோம் என்று காட்ட, சட்டம் அனுமதிக்கிற இடங்களில் கூரை மேல் சுழலும் மஞ்சள் விளக்கு போதும்.

ஒரு முகப்பு விளக்கோடு சமாளிப்பது

எதிரே வருகிறவருக்கு நீங்கள் ஒரு மோட்டார் சைக்கிள்.

டிரெய்லருக்கு எர்த் வயர் இழுக்காமல் விடுவது

எர்த் என்பது விளக்குக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. டிரெய்லரை மாட்டும் கொக்கியும் ஊசியும் இரும்புதானே, அது வழியாகவே எர்த் கிடைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். கிரீஸும் துருவும் சேர்ந்தால் அந்த வழி அடைந்துவிடும். பரவலாக உள்ள 12 வோல்ட் 7 முனை இணைப்பில் 3ஆம் முனை எர்த்துக்கென்றே இருக்கிறது, வெள்ளை வயர். அதை டிரெய்லர் விளக்குகள் வரை தனியாகக் கொண்டுபோக வேண்டும். இண்டிகேட்டர் போட்டதும் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டினாலோ, பிரேக் மிதித்ததும் பின்விளக்கு மங்கினாலோ பல்பைக் கழற்ற வேண்டாம். மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் இன்னொரு பல்பின் இழை வழியாகப் போகிறது. முதலில் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம்செய்து இறுக்குங்கள்.