டவர் லைனும் மாட்டின் நோயெதிர்ப்பும்: கணக்கில் நேரும் பிழைகள்

தென்னந்தோப்பைப் பார்த்து எது பொள்ளாச்சிப் பக்கம், எது பாலக்காட்டுப் பக்கம் என்று சொல்ல முடியாத மீனாட்சிபுரம், கோபாலபுரம் எல்லையில், மடிநோய் வந்தாலும், தடுப்பூசி போட்ட மாட்டுக்கே கோமாரி வந்தாலும், உயர் மின்னழுத்தக் கம்பித் தடமான 'டவர் லைன்' பற்றிப் பால் சொசைட்டி வாசலில் ஒரு பேச்சு எழும்: "டவர் லைன் காந்தம் மாட்டோட எதிர்ப்புச் சக்தியக் கெடுத்துருச்சுங்க." இந்தச் சந்தேகத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை, ஆய்வாளர்களும் இதே கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் விலங்குகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் விடை தேடும் வழியில் நாம் செய்யும் தவறுகள் பல.

அவற்றில் முதலாவது, கைப்பேசியை வைத்துக் காந்தப்புலத்தை (அதன் அலகு மைக்ரோடெஸ்லா) அளப்பது. ஒரு தோட்டத்துக் கொட்டகையில் இளைஞர் ஒருவர் செயலியைத் திறந்து, "43 மைக்ரோடெஸ்லா காட்டுதுங்க, இவ்வளவு காந்தத்துல மாடு எப்படிங்க தாங்கும்?" என்று கேட்டார். அவரையே அழைத்துக்கொண்டு, கம்பியே இல்லாத வாய்க்கால் கரைக்கு நடந்தோம்; அங்கே 41 காட்டியது. கைப்பேசியில் இருப்பது திசைகாட்டிக்கான உணரி; அது காட்டியது பூமியின் காந்தப்புலம், நம் பகுதியில் அது ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. பக்கத்தில் இரும்புத் தூண் இருந்தால் எண் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். மின்கம்பியின் புலம் நொடிக்கு 50 சுற்று மாறி மாறி வருவது என்பதால், அதற்கென்று உள்ள கருவியால்தான் அளக்க வேண்டும். 400 கிலோவோல்ட் கம்பிக்கு நேர் கீழே அது பொதுவாகச் சில மைக்ரோடெஸ்லாவிலிருந்து பத்து, இருபது வரை இருக்கும். கம்பியை விட்டு விலக விலக விரைவாகக் குறைந்துவிடும்.

இதே குழப்பம் ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போதும் வருகிறது. ஒரு டெஸ்லா என்பது பத்து லட்சம் மைக்ரோடெஸ்லா. பல டெஸ்லா வலிமையுள்ள நிலையான காந்தத்தில் எலியை வைத்துக் கண்ட மாற்றத்தை, கொட்டகைக்கு மேலே போகும் கம்பிக்குப் பொருத்துவது, நெருப்பில் கை சுட்டதைக் காட்டி வெயில் சுடும் என்று வாதிடுவது போன்றது. புகளூரிலிருந்து பாலக்காட்டு வழியாகத் திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் தடத்தில் ஓடுவது நேர்மின்னோட்டம். அதன் புலம் திசை மாறாதது. அதையும் மற்றக் கம்பிகளையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

அடுத்தது பருவக் கணக்கு. காந்தப்புலம் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது, மின்னழுத்தத்தைப் பொறுத்தது அன்று. ஆடிக் காற்றில் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் முழுவேகத்தில் சுற்றும்போது அவற்றின் மின்சாரத்தைச் சுமக்கும் கம்பிகளில் புலமும் கூடும். அதே மாதங்களில்தான் பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல் வருகிறது, கொட்டகைத் தரை ஈரமாகிறது, ஈயும் உண்ணியும் பெருகுகின்றன, தீவனம் மாறுகிறது. இரண்டும் ஒன்றாக வருவதைக் கண்டு ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக்கிவிடுகிறோம்.

ஒரே ஆய்வைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வருவதும் பெருந்தவறு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 500 கிலோவோல்ட் கம்பிக்குக் கீழே ஆட்டுக்குட்டிகளை வளர்த்துப் பார்த்த குறுகிய காலச் சோதனை ஒன்றில், நோயெதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இன்டர்லூக்கின்-1 குறைந்ததுபோல் தெரிந்தது. அத்தோடு விட்டிருந்தால் நம் சொசைட்டிப் பேச்சுக்கு அது போதிய சான்றாகியிருக்கும். ஆனால் அந்தக் குழுவினரே பிறகு கம்பிக்குக் கீழே ஒரு மந்தை, மின்புலத்தைத் தடுத்துக் காந்தப்புலத்தை மட்டும் அனுமதித்து ஒரு மந்தை, தொலைவில் ஒரு மந்தை என்று பிரித்து, 27 மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். காந்தப்புலம் சராசரியாக 4 மைக்ரோடெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவு. மந்தைகளுக்கிடையே வேறுபாடு தெரியவில்லை. முதல் முடிவைத் தாங்களே மறுபடி சோதித்ததால்தான் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

அளந்த எண் மாறினாலே விலங்கு நோயுறும் என்று எண்ணுவதும் பிழை. 2, 200, 1000 மைக்ரோடெஸ்லா என மூன்று அளவுகளில் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 சுற்று) புலத்தில் வைத்த சுண்டெலிகளில், மிக உயர்ந்த அளவில் இருந்த பெண் எலிகளின் இயற்கைக் கொல்லி அணுக்களுடைய (கிருமி தொற்றிய அணுக்களை அழிக்கும் ஒரு வகை வெள்ளணுக்கள்) செயல் குறைந்தது. ஆனால் லிஸ்டீரியா கிருமியை எதிர்க்கும் திறன் குறையவில்லை. சோதனையில் புலம் உண்டாக்கும் கம்பிச் சுருள் சூடாகும், இரையும், அதிரும். கூண்டு மாற்றம், ஊசி, பிடித்து அமுக்குதல் ஆகியவையே விலங்கைக் கலவரப்படுத்தி, கார்ட்டிசால் போன்ற மன அழுத்தச் சுரப்புகளைக் கூட்டி, இரத்தத்தின் வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகையை உயர்த்தி, நிணவணுக்கள் என்ற வகையைக் குறைக்கும். அதே சுருள், அதே இரைச்சல், ஆனால் புலம் மட்டும் இல்லாத ஒப்பீட்டுக் கூட்டம் இல்லாவிட்டால், எலியின் பயத்தை அளந்துவிட்டுக் காந்தத்தின் விளைவு என்று எழுதிவிடுவோம்.

2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தப் புலங்களைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்ததை இங்கே இழுப்பாரும் உண்டு. அது குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் பற்றிய கணக்கெடுப்புகளை முதன்மையாகக் கொண்ட முடிவு. மாட்டின் தடுப்பூசிக்கு அதனோடு தொடர்பில்லை.

கடைசியாக, நான் அடிக்கடி காண்பது: கசிவு மின்சாரத்தைக் காந்தம் என்று நினைப்பது. மாடு தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்துச் சட்டென்று எடுத்தால், கறவையில் காலை உதறினால், பாலை அடக்கினால், மேலே அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு மோட்டாரைப் பாருங்கள். எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்த இடத்தில், நமக்கு உறைக்காத ஓரிரு வோல்ட்டே ஈரத்தரையில் நிற்கும் மாட்டுக்கு உறைக்கும். தொட்டிக்கும் தரைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க ஒரு எலக்ட்ரீஷியனுக்குக் கால் மணி நேரம் போதும்.