பிசினஸ் நெட்வொர்க்கிங் குரூப்ல சேர்ந்தும் ஒண்ணும் நடக்கலையா? இந்தத் தப்பெல்லாம் பண்றீங்களான்னு பாருங்க

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் காலைல 7 மணிக்கு ஏதாவது ஒரு ஹோட்டல் ஹாலுக்குள்ள எட்டிப் பாருங்க, கோட்டு போட்ட ஒரு கூட்டம் கைல பொங்கல் வடை தட்டோட நின்னு விசிட்டிங் கார்டு மாத்திட்டு இருக்கும். ஒருத்தர் தொழிலுக்கு இன்னொருத்தர் கஸ்டமர அறிமுகம் பண்ணி விடுறதுக்குத்தான் இந்தக் கூட்டம். 1985ல அமெரிக்காவுல ஐவன் மிஸ்னர் ஆரம்பிச்ச பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) மாதிரி பெருசா இருக்குறதும் உண்டு, நம்ம சமூகத்துக்காரங்க, ஒரே தெருல கடை வச்சிருக்கவங்க சேர்ந்து நடத்துற சின்ன குரூப்பும் உண்டு. வருஷ சந்தா, ஹால் வாடகை, டிபன் செலவுன்னு நல்லாவே காசு போகும். ஆனா ஒரு வருஷம் கழிச்சு நிறைய பேரு "ஒண்ணும் வரல ஜி"ன்னு சொல்லிட்டு ரினியூவல் பண்ணாமப் போயிடுறாங்க. குரூப்பக் குறை சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கலாம், ஆனா நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் அவங்கவங்க பேசுற விதத்துலயும், பேச வேண்டிய நேரத்துல பேசாம இருக்குறதுலயும்தான் கோளாறு.

எல்லாத் தப்புக்கும் அடில ஒரே ஒரு தப்புதான் இருக்கு. உள்ள இருக்குற 40 பேரையும் 40 கஸ்டமரா பார்க்குறது. யோசிங்க, நீங்க சிசிடிவி போடுறவர்னா இவங்க உங்ககிட்ட எத்தனை தடவ கேமரா வாங்குவாங்க? ஒரு தடவ, அதுவும் மெம்பர் ரேட்டு கேட்டு. அதோட முடிஞ்சுது. ஆனா ஒவ்வொருத்தருக்கும் பின்னாடி அவங்க கஸ்டமரு, சப்ளையரு, சம்பந்தி வீடு, காலேஜ் ஃப்ரெண்டு, அபார்ட்மென்ட் அசோசியேஷன்னு உங்களுக்குத் தெரியாத ஒரு கூட்டமே இருக்கு, நீங்க போய்ச் சேர வேண்டியது அங்கதான். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1973லயே இதப் பத்தி எழுதினாரு, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள அவரு விசாரிச்சப்போ, தினமும் பார்க்குற நெருங்கின ஆளுங்கள விட எப்பவாவது பார்க்குற ஆளுங்க வழியாத்தான் அதிகமா தகவல் வந்திருந்துச்சு. ஏன்னா நெருங்கினவங்களுக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் நமக்கும் தெரிஞ்சிருக்கும்.

இது புரியாமப் போறதாலதான் வாராவாரம் எந்திரிச்சு பேசுற அந்த முக்கால் நிமிஷத்த வீணாக்குறாங்க. "நாங்க ஏ டு இசட் எல்லா பிரிண்டிங்கும் பண்றோம், யாருக்காவது தேவைன்னா சொல்லுங்க." யாருக்காவதுன்னு சொன்னா ஒருத்தர் முகமும் ஞாபகத்துக்கு வராது, கேட்டவங்க கைதட்டிட்டு அடுத்த ஆளப் பார்ப்பாங்க. அதே லேபிள் பிரிண்டிங்காரரு இப்படிக் கேட்டா எப்படி இருக்கும்: "புதுசா சொந்த பிராண்டுல டிஷர்ட் ஆரம்பிச்சு இன்ஸ்டாகிராம்ல வித்துட்டு இருக்குற பசங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அவங்களுக்கு 500 லேபிள் போதும், ஆனா போற இடத்துலெல்லாம் குறைஞ்சது 5,000 எடுங்கன்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க, அந்தப் பசங்கள எனக்குக் காட்டுங்க." கேட்டுட்டு இருக்குற ஆடிட்டருக்கு உடனே தன்னோட அக்கா பையன் ஞாபகம் வருவான். வாரத்துக்கு ஒண்ணு போதும், இருக்குற எல்லா சர்வீஸையும் மூச்சு விடாம ஒப்பிக்க வேண்டாம்.

அடுத்தது வாட்ஸ்அப் குரூப். காலைல குட்மார்னிங், ஒரு தத்துவம், ஆடிப்பெருக்கு வாழ்த்துன்னு சொந்த லோகோ போட்ட போஸ்டர், யாருக்கோ பொறந்தநாள்னா வரிசையா "வாழ்த்துகள் ஜி"யும் பூங்கொத்தும். இதுக்கு நடுவுல ஒருத்தர் உண்மையான தேவை ஒண்ணு போட்டிருப்பாரு, அது மேல போயே போயிருச்சு. அப்புறம் எல்லாரும் குரூப்ப மியூட்ல போட்டுடுவாங்க, தேவை போட்டவரு "யாருமே கண்டுக்கல"ன்னு வருத்தப்படுவாரு. அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி செட் பண்ற வசதி 2018லயே வந்துருச்சு, அறிவிப்புக்கும் தேவைக்கும் அப்படி ஒரு குரூப், வாழ்த்து அரட்டைக்கு இன்னொரு குரூப்னு பிரிச்சுட்டாலே பாதி தலைவலி போயிடும். சில பேரு இன்னொண்ணு பண்றாங்க, மெம்பர் நம்பர் எல்லாத்தையும் அள்ளி பிராட்காஸ்ட் லிஸ்ட்ல போட்டு ஆஃபர் அனுப்புறாங்க. உங்க நம்பர சேவ் பண்ணி வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும், போய்ச் சேர்ந்தவங்களும் அடுத்த வாரம் உங்களப் பார்த்தா கொஞ்சம் தள்ளி உட்காருவாங்க.

தேவை போடுறவங்களும் பாதி விஷயத்த முழுங்கிடுறாங்க. "அர்ஜென்ட்டா பெயின்டர் வேணும்." எந்த ஊர்ல, வீடா ஃபாக்டரி ஷெட்டா, எப்போ, ஒண்ணும் கிடையாது, அதக் கேட்டு பதினஞ்சு மெசேஜ் ஓடும். "சரவணம்பட்டில 2 பெட்ரூம் பிளாட், உள்பக்கம் மட்டும், ரெண்டு வாரத்துல கிரகப்பிரவேசம், பார்ட்டி எனக்கு நல்லா தெரிஞ்சவரு, சாயங்காலம் 5 மணிக்கு மேல பேசலாம்." இவ்வளவுதான் வேணும். ஆள் கிடைச்சதும் "கிடைச்சிருச்சு, நன்றி"ன்னு ஒரு வரி போட்டு முடிச்சு வைங்க, இல்லன்னா மூணு நாள் கழிச்சும் யாராவது ஒரு பெயின்டர் நம்பர அனுப்பிட்டே இருப்பாங்க. மூணு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்புறவங்களுக்கு ஒரு விண்ணப்பம்: வேணாங்க.

ரெஃபரல், அதாவது கஸ்டமர அறிமுகம் பண்ணி விடுறதுங்கற பேர்ல வெறும் நம்பர் குடுக்குறது அடுத்த வியாதி. "இந்த நம்பருக்குப் பேசுங்க, அவங்களுக்கு சோலார் தேவைப்படலாம்." அந்த ஆளுக்கே தெரியாது தன் நம்பர் கை மாறினது. போன் பண்ணா "யாரு குடுத்தா உங்களுக்கு?"ன்னு எரிஞ்சு விழுவாங்க. முதல்ல கஸ்டமர்கிட்ட "எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு, பேசச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டு, அவரு சரின்னதும் குடுத்தாத்தான் அது ரெஃபரல்.

குடுக்குறவரு எல்லாம் சரியா பண்ணியும் வாங்கினவரு கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு, என்னக் கேட்டா மத்த எல்லாத் தப்பையும் விட இதுதான் மோசம். உதாரணத்துக்கு ஒருத்தரு தன்னோட பத்து வருஷ கஸ்டமர், ஒரு ரைஸ்மில் முதலாளி, அவர சோலார்காரருக்கு அறிமுகம் பண்றாருன்னு வைங்க. சோலார்காரரு போய்ப் பார்த்துட்டு வந்துட்டாரு. அப்புறம் சத்தமே இல்ல. ஒரு மாசம் கழிச்சு ஒரு கல்யாண மண்டபத்துல சாப்பாட்டுப் பந்தில மில்காரரு பக்கத்துல உட்கார்ந்து, "ஏம்ப்பா, உன்ற ஆளுன்னு ஒருத்தர அனுப்புனியே, அளவெல்லாம் எடுத்துட்டுப் போனாரு, கொட்டேஷனே வரலியே?"ன்னு கேக்குறாரு. அறிமுகம் பண்ணவருக்கு எலைல இருக்குற சாப்பாடு எறங்குமா? அவரு சோலார்காரர்கிட்ட சண்டைக்கெல்லாம் போகமாட்டாரு, சிரிச்சுக்கிட்டே "என்ன ஜி எப்படி இருக்கீங்க"ன்னுதான் கேப்பாரு, ஆனா இனி ஒரு ரெஃபரல் அங்கிருந்து வராது. சோலார்காரருக்கு ஏன்னே தெரியாது, அவரும் குரூப்ல ஒண்ணும் வரலன்னுதான் ஊரெல்லாம் சொல்லுவாரு.

இவ்வளவுக்கும் தேவைப்பட்டது அன்னிக்கு ராத்திரி ஒரு மெசேஜ்: "அண்ணா, நீங்க சொன்ன மில்லுக்குப் போய்ட்டு வந்தேனுங்க. மேல பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதுல பேனல் வைக்க முடியாது, ஷீட் மாத்தணும்னு சொல்லியிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. எப்படியும் திங்கக்கெழம கொட்டேஷன் அனுப்பிடறேன்." ஆர்டர் கிடைச்சாலும் கிடைக்கலனாலும் இதச் சொல்லணும். கிடைக்கலன்னா இன்னும் முக்கியமா சொல்லணும், ஏன்னா அந்தக் கஸ்டமர் தன் பக்கக் கதைய எப்படியும் ஒரு நாள் சொல்லத்தான் போறாரு.

ஒன்-டு-ஒன் மீட்டிங்ன்னு ரெண்டு பேரு தனியா உட்கார்ந்து பேசுறது இருக்கே, அது இப்போ காபி ஷாப் செல்ஃபியா சுருங்கிருச்சு. போட்டோ எடுத்து "அருமையான சந்திப்பு"ன்னு போட்டதுக்கப்புறம், அவரோட நல்ல கஸ்டமர் எப்படிப்பட்ட ஆளு, எந்த வேலைய அவரு எடுக்கமாட்டாருன்னு ரெண்டு கேள்வி கேட்டா பதில் தெரியணும். தெரியலன்னா குடிச்ச காபிதான் மிச்சம்.

வருகைப் பதிவேட்டுக்கு வருவோம். நிறைய குரூப்ல இருக்குற ஒரு தொழிலுக்கு ஒரு ஆளுங்கற விதி பழசு, 1905ல சிகாகோவுல ரோட்டரிய ஆரம்பிச்ச நாலு பேரே ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க இன்ஜினியர், ஒரு தையல்காரர்தான், ஒவ்வொருத்தர் ஆபீஸ்லயா சுழற்சியில கூடுனதாலதான் அந்தப் பேரே வந்துச்சு. இந்த விதில ஒரு சிக்கல் இருக்கு, நீங்க வராத அன்னிக்கு உங்க தொழிலப் பத்திப் பேச வேற ஆளே இருக்காது. வர முடியலன்னா விஷயம் தெரிஞ்ச ஆள அனுப்புங்க, ஆபீஸ் பையன்கிட்ட கார்டக் குடுத்து அனுப்பி "சார் ஊர்ல இல்லைங்க"ன்னு சொல்ல வைக்காதீங்க. டிபன் முடிஞ்சதும் போன காதுல வச்சுக்கிட்டே நழுவுறவங்கள எல்லாரும் பார்த்துட்டுத்தான் இருக்காங்க.

கமிட்டில இருக்கவங்களும் தப்பு பண்றாங்க, நம்பர் நம்பர்னு துரத்துறாங்க. மாசத்துக்கு இத்தனை ரெஃபரல் காட்டணும்னு அழுத்துனா, ஒரு டஜன் பேனா வாங்குனதுகூட ரெஃபரல் கணக்குல ஏறும். குறைவா இருக்கவங்க பேர பொது குரூப்ல லிஸ்ட் போட்டு கேக்குறது அதவிட மோசம், தனியா போன் பண்ணி "என்னாச்சுங்க, ஏதாவது பிரச்சனையா?"ன்னு கேட்டா பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சிரும். விசிட்டர் கூப்பிடுறப்பவும் "சும்மா வாங்க, டிபன் சாப்பிடலாம்"ன்னு மட்டும் சொல்லாதீங்க, வந்தவரு கைதட்டலும் கோட்டும் பார்த்துட்டு இது ஏதோ செயின் பிசினஸ்னு பயந்துடுவாரு (நம்ம ஊரு அந்த விஷயத்துல பட்ட பாடு அப்படி). என்ன கூட்டம், எவ்வளவு நேரம், சேரச் சொல்லிக் கேப்பாங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

பணம் பேச வெக்கப்படுறது இன்னொரு பெரிய தப்பு. "நம்ம ஆளுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்"ன்னு ரேட்டே பேசாம வேலை ஆரம்பிச்சு, பில்லு போனதும் ரெண்டு பேரும் முகத்தத் திருப்பிக்கிறாங்க. மெம்பர்னாலும் கொட்டேஷன், அட்வான்ஸ், பேமென்ட் தேதி மூணையும் எழுத்துல வைங்க. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, அந்தத் தொழில்களுக்கு அரசாங்கம் தர்ற உதயம் பதிவு வச்சிருக்க சின்ன தயாரிப்பாளருக்கோ சர்வீஸ்காரருக்கோ எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள்ல பணம் தரணும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளத் தாண்டக்கூடாது. பொதுவா அந்த உரிமைய மெம்பர்கிட்ட யாரும் கேக்கமாட்டாங்க, தாமதமா குடுக்குறவரு பேரு மட்டும் டீக்கடைல ரொம்ப வேகமா பரவும்.

கடைசியா, வெளிய போறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா ராத்திரியோட ராத்திரியா குரூப்ப விட்டு எக்ஸிட் ஆகாதீங்க. கைல இருக்குற ரெஃபரல் யார் யாருது, எது எந்த நிலமைல இருக்குன்னு அந்தந்த ஆளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டு, பாக்கிய முடிச்சுட்டு, அடுத்த மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு "இந்த மாசத்தோட நான் கெளம்புறேனுங்க, நம்பர் அதேதான்"ன்னு சொல்லிட்டுப் போங்க.